ஒரே சரிவில் ஸ்கீயும் ஸ்நோபோர்டும்: இடித்துக்கொள்ளாமல் இறங்க முழு வழிகாட்டி

நான் முதலில் கற்றது ஸ்கீ, அதாவது காலுக்கு ஒரு நீளப் பலகை கட்டிப் பனியில் சறுக்குவது. சில பருவங்கள் கழித்துத்தான் ஸ்நோபோர்டு பக்கம் வந்தேன்; அதில் இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே பலகை. இனி அதைப் போர்டு என்றே சொல்கிறேன். வந்த முதல் நாளே ஒரு விஷயம் உறைத்தது. போர்டுக்காரர்கள் வேண்டுமென்றே குறுக்கே வருகிறார்கள் என்று அதுவரை நான் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர்களுக்கு நான் தெரியவே இல்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் இரண்டு தரப்பிலும் புதியவர்கள் பலரோடு இறங்கியிருக்கிறேன். தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். மற்றவர் எந்தப் பக்கம் பார்க்கிறார், எங்கே அவருக்கு வேகம் தேவைப்படுகிறது, எங்கே அவரால் சட்டென்று நிற்க முடியாது என்பது தெரிவதில்லை. அதைத்தான் இங்கே ஒரு நாள் நடக்கும் வரிசையிலேயே சொல்லப்போகிறேன். சறுக்கக் கற்றுத்தரும் வழிகாட்டி இல்லை இது. ஓரளவு திரும்பவும் நிற்கவும் தெரிந்தவர்களுக்கு எழுதியது.

பனிச்சரிவு என்றால் மலையிலிருந்து பனி சரிந்து விழும் விபத்துதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதனால் சறுக்கும் இடத்தை வெறுமனே 'சரிவு' என்றே குறிப்பிடுகிறேன்.

1. கிளம்பும் முன்

முதலில், போகிற மலை போர்டை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் அனுமதி உண்டு. ஆனால் அமெரிக்காவில் யூட்டாவின் ஆல்டா, டியர் வேலி, வெர்மான்டின் மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்றும் ஸ்கீக்கு மட்டுமே. கலந்த குழுவாகப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டால் அன்றைய நாள் வீண்.

அடுத்தது காப்பீடு. இத்தாலியில் 2022 ஜனவரி 1 முதல், மற்றவருக்கு நம்மால் ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் சரிவில் இறங்கக்கூடாது. சட்டம் கேட்காத இடத்திலும் எடுத்து வைப்பது நல்லது. மோதலில் உடைவது நம் எலும்பு மட்டும் இல்லை.

சரிவு வரைபடத்தைக் கைபேசியில் சேமியுங்கள். மீட்புக் குழுவின் எண்ணையும் சேர்த்து வையுங்கள். வரைபடத்தில் சரிவு எவ்வளவு கடினம் என்று காட்டும் நிறத்தை மட்டும் பார்க்காமல், தட்டையான இணைப்புப் பாதைகள் எங்கே இருக்கின்றன, இரண்டு சரிவுகள் எங்கே கூடுகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் சண்டை வருவது இந்த இரண்டு இடத்தில்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பு உண்டு. வட அமெரிக்காவில் சிவப்பு கிடையாது; எளிதிலிருந்து கடினம்வரை பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று போகும். ஓரிடத்து நீலம் இன்னோரிடத்து நீலம் ஆகாது.

கருவியில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்கீ காலிலிருந்து கழன்றால் அதன் பைண்டிங்கில், அதாவது காலணியைப் பிடித்திருக்கும் பிடிப்பில், உள்ள பிரேக் பனியில் குத்தி நிறுத்திவிடும். போர்டில் பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. கழற்றிய போர்டைப் பைண்டிங் கீழே படும்படி கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்த போர்டு தானாக நழுவி, கீழே நிற்பவரின் கணுக்காலைத் தேடிப் போகும். புதியவர்கள் காப்பி குடிக்கும் இடைவேளையில் செய்யும் தவறு இது.

2. யாருக்கு வழி விடுவது

சர்வதேச ஸ்கீ மற்றும் ஸ்நோபோர்டு கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ். பத்து நடத்தை விதிகளை வைத்திருக்கிறது. பத்தையும் ஒருமுறை படியுங்கள். அன்றாடம் உயிர் காப்பவை மூன்று.

பின்னாலிருந்து, அதாவது மேலிருந்து வருபவர்தான் முன்னால் இருப்பவருக்கு ஆபத்து வராத பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது மூன்றாவது விதி. முன்னால் போகிறவருக்குப் பின்னால் கண் இல்லை, மேலே இருப்பவருக்கு எல்லாம் தெரிகிறது, காரணம் அவ்வளவுதான். காலில் ஸ்கீயா போர்டா என்ற பேச்சே இதில் இல்லை. ஸ்கீக்காரர்களுக்குத்தான் முன்னுரிமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான்காவது விதி முந்துவது பற்றி. எந்தப் பக்கமும் முந்தலாம், ஆனால் முன்னால் இருப்பவர் தெரிந்தோ தெரியாமலோ எப்படி அசைந்தாலும் போதுமான இடம் விட்டு முந்த வேண்டும். 'தெரியாமலோ' என்பதை அழுத்தி வாசியுங்கள். அவர் திடீரென்று விழுந்தாலும் நீங்கள் இடிக்கக்கூடாது.

ஐந்தாவது விதி கீழே இருப்பவருக்கு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், வேறு சரிவிலிருந்து உள்ளே நுழையும்போதும் மேலும் கீழும் பார்க்க வேண்டும். மூன்றாவது விதியைத் தெரிந்துகொண்ட புதியவர்கள் 'நான்தானே கீழே இருக்கிறேன்' என்று ஓரத்திலிருந்து நேராக நடுவே வந்து விழுவார்கள். ஓரத்தில் நிற்கும்வரை மேலே இருப்பவரின் பொறுப்பு. கிளம்பும் நொடியில் உங்கள் பொறுப்பு.

3. மற்றவரின் கண் எங்கே இருக்கிறது

வழிகாட்டியில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

போர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் குறுக்காகக் கட்டப்பட்டிருக்கும். அதனால் உடல் பக்கவாட்டில் நிற்கும். இடது காலை முன்னே வைப்பவர் ரெகுலர், வலது காலை முன்னே வைப்பவர் கூஃபி. சரிவில் இறங்கும் திசையை வைத்துப் பார்த்தால், ரெகுலருக்கு நெஞ்சு வலப்பக்கம், முதுகு இடப்பக்கம். கூஃபிக்கு நேர்மாறு.

ரெகுலர் குதிகால் விளிம்பில், அதாவது பலகையின் குதிகால் பக்க ஓரத்தில் சாய்ந்து, திரும்பும்போது இடப்பக்கம் போவார். தன் முதுகு இருக்கும் பக்கமே போகிறார் என்று அர்த்தம். கண்ணாடி பார்க்காமல் கார் தடம் மாறுவது போன்றது இது. அந்த நேரத்தில் அவருடைய இடப்பக்கம் ஒரு ஸ்கீக்காரர் சத்தமில்லாமல் முந்தினால் இருவரும் ஒரே புள்ளியில் சந்திப்பார்கள். நான் பார்த்த மோதல்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

ஸ்கீக்காரர்களுக்கு: மேலிருந்து பார்க்கும்போது எந்தக் கால் முன்னே என்று தேடாதீர்கள், நெஞ்சு எந்தப் பக்கம் என்று பாருங்கள். நன்றாக ஓட்டுபவர்கள் சில நேரம் கால் மாற்றி எதிர்ப்பக்கமாகவும் இறங்குவார்கள். அப்போதும் நெஞ்சு பொய் சொல்லாது.

போர்டுக்காரர்களுக்கு: கால்விரல் விளிம்பில் குறுக்கே போகும்போது உங்கள் முகம் மேட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் இந்த நொடியில் மேலே ஒரு பார்வை பாருங்கள். யாரும் வரவில்லை என்றால் முன்தோள் வழியாகக் கீழே பார்த்துக் குதிகாலுக்கு மாறுங்கள். இந்த வரிசை முக்கியம்: முதலில் மேலே, பிறகு தோள், அப்புறம் திருப்பம். தோள் வழியாகத் தலையைத் திருப்பும்போது உடலும் கூடவே திறக்கும். திருப்பம் இன்னும் எளிதாக வரும். பழக்கமாக இரண்டு நாள் போதும்.

ஸ்கீக்காரரின் கண் நேராகக் கீழே இருக்கும். இரு பக்கமும் ஓரளவு தெரியும், பின்னால் எதுவும் தெரியாது. அவர்களிடம் கவனிக்க வேண்டியது பார்வையை அல்ல, திருப்பத்தின் அகலத்தை. குறுகிய திருப்பங்கள் போடுபவர் ஒரு சந்துக்குள்ளேயே இறங்குவார். பக்கத்தில் போவது சுலபம். நீளமாக விளிம்பு வெட்டி இறங்குபவர் சரிவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை போவார். காலியாகத் தெரியும் இடமெல்லாம் அவருடைய அடுத்த இரண்டு வினாடி.

புதியவர்களை இனம் காண்பது தனிக் கலை. ஸ்கீயின் முனைகளைச் சேர்த்து ஆப்பு போல வைத்து இறங்குபவர் ஓரம்வரை போய், நின்று, யோசித்து, பிறகு திரும்புவார். போர்டில் புதியவர் இன்னும் விசித்திரமானவர். குதிகால் விளிம்பிலேயே நின்றுகொண்டு உதிரும் இலை போல இடமும் வலமும் நழுவுவார். அவர் இடப்பக்கம் போகிறார், ஓரத்தில் திரும்புவார் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். அவர் திரும்பாமலே நடுவழியில் பின்னோக்கி வலப்பக்கம் வந்துவிடுவார். இலை போல இறங்குபவரைக் கண்டால் அவருக்கு இரு பக்கமும் முழு இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. லிஃப்ட் வரிசையும் நாற்காலியும்

மேலே நாற்காலியில் தூக்கிச் செல்லும் லிஃப்டின் வரிசைக்குள் போர்டுக்காரர் நுழையும் முன்பே பின்காலைப் பைண்டிங்கிலிருந்து கழற்றிவிட வேண்டும். வரிசைக்குள் குனிந்து கழற்றினால் பின்னால் வருபவரின் ஸ்கீ முனை போர்டின் மேல் ஏறும். ஏறினால் அது அவர் தவறு மாதிரித் தெரியும், ஆனால் இடத்தை அடைத்தது நீங்கள்.

ஸ்கீக்காரர்கள் வரிசையில் முன்னால் உள்ளவரின் போர்டை மிதிக்காமல் ஒரு கை இடைவெளி விடுங்கள். விளிம்பில் விழும் கீறலைவிட, மிதிபட்ட போர்டை இழுக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பவரின் முழங்கால் முறுக்கிக்கொள்வதுதான் ஆபத்து.

நாற்காலியில் ஏறும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'மேலே போய் எந்தப் பக்கம் போகிறீர்கள்?' இடப்பக்கம் போகிறவர் இடது ஓரம், வலப்பக்கம் போகிறவர் வலது ஓரம். முடிந்தவரை போர்டுக்காரர் ஓரத்தில் உட்காரட்டும். நடுவே உட்கார்ந்தால் போர்டு திரும்பி இரு பக்கத்து ஸ்கீயிலும் மாட்டும்.

பாதுகாப்புக் கம்பியை இறக்கும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் இறக்கினால் குனிந்து பட்டையைச் சரிசெய்பவரின் ஹெல்மெட்டில் இறங்கும். ஸ்கீக்கோல்களை ஒரே கையில் சேர்த்துப் பிடியுங்கள்; அதன்மேல் உட்கார்ந்தவர் இறங்கும்போதுதான் அது தெரியவரும்.

இழுத்துச் செல்லும் டி-பார் வகை லிஃப்டில் போர்டு புதியவர் முதல் சில முறை தனியாக ஏறுவது நல்லது. ஊழியரிடம் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். விழுந்தால் கம்பியை உடனே விட்டுவிட்டு, எழ முயலாமல் உருண்டாவது தடத்தை விட்டு விலகுங்கள். பின்னால் வரும் இருவருக்கு ஒதுங்க இடம் இல்லை.

5. உச்சியில் இறங்கிய முதல் நிமிடம்

நாற்காலியிலிருந்து இறங்கும்போது முனையை உயர்த்தி நேராகப் போங்கள். திரும்புவது அப்புறம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும் அந்த இடத்தில் ஒருவர் திரும்பினால் எல்லோரும் சீட்டுக்கட்டாகச் சரிவார்கள்.

பிறகு நிற்காமல் தள்ளிப் போங்கள். எவ்வளவு? உங்களுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிக்காரர்கள் வந்து விழுந்தாலும் உங்கள்மேல் படாத அளவு. ஸ்கீக்காரர்கள் கோல் பட்டையை மாட்டுவதும் கண்ணாடியைத் துடைப்பதும் இறங்கும் வாயிலேயேதான். போர்டுக்காரர்கள் சரிவின் தொடக்கத்தில் குறுக்கே வரிசையாக உட்கார்ந்து சுவர் எழுப்பிவிடுவார்கள். இரண்டும் ஒரே தப்புதான்.

போர்டைக் கட்ட ஓரத்துக்குப் போங்கள், ஒருவர் பக்கத்தில் ஒருவராக அல்லாமல் ஒருவருக்குக் கீழ் ஒருவராக உட்காருங்கள். அகலம் அடைபடாது.

6. முந்துவது

இதில் அவசரம் காட்டாதீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 11 மீட்டர். ஓரளவு தெரிந்த எவரும் நீலச் சரிவில் இந்த வேகத்தைத் தொடுவார்கள். அரை வினாடி தயங்கினால் ஐந்தரை மீட்டர் போய்விடும், நிறுத்தத் தொடங்குவதற்கு முன்பே.

முதல் வேலை, பின்னால் இருந்தபடி இரண்டு திருப்பம் பாருங்கள். ஒரு திருப்பம் எதையும் சொல்லாது; இரண்டாவதில் அகலமும் தாளமும் தெரியும்.

போர்டுக்காரரை முந்தினால் நெஞ்சுப் பக்கம் போங்கள். அதுவும் அவர் முதுகுப் பக்கம் திரும்பத் தொடங்கும் நொடியில். அப்போது அவர் உங்களை விட்டு விலகிப் போகிறார். அவர் மறுபடி வருவதற்குள் நீங்கள் கடந்திருப்பீர்கள். முதுகுப் பக்கம்தான் இடம் இருக்கிறது என்றால் காத்திருங்கள். அந்தப் பக்கம் இடம் இருப்பதே அவர் அங்கே வரப்போவதால்தான்.

அகலத் திருப்பம் போடும் ஸ்கீக்காரரை முந்தினால், அவர் ஓரத்தை நோக்கிப் போகத் தொடங்கியதும் எதிர் ஓரம் வழியாகக் கடந்து போங்கள். குறுகிய திருப்பக்காரரை எந்தப் பக்கமும் கடக்கலாம். கோல் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கும் இடம் விடுங்கள்.

எவ்வளவு இடைவெளி? விதி எண்ணிக்கை எதுவும் சொல்வதில்லை. என் கணக்கு, குறைந்தது ஐந்து மீட்டர். புதியவர், குழந்தை என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. அவ்வளவு இடம் இல்லாத குறுகிய பாதையில் முந்தவே வேண்டாம், பின்னாலேயே போங்கள். அரை நிமிடம் போகும், போகட்டும்.

நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதும் தவறு. போர்டில் விளிம்பு மாட்டினால் ஆள் எச்சரிக்கையே இல்லாமல் விழுந்த இடத்திலேயே கிடப்பார். ஸ்கீயில் விழுபவர் பெரும்பாலும் கொஞ்ச தூரம் தடுமாறுவார். போர்டில் அந்த அவகாசம் இல்லை.

சத்தம் கொடுப்பது பற்றி இரண்டு கருத்து உண்டு. 'ஆன் யுவர் லெஃப்ட்' (உங்கள் இடப்பக்கம் வருகிறேன்) என்று கத்துவது பல இடங்களில் வழக்கம். அனுபவசாலிகளிடையே அது வேலை செய்யும். புதியவரிடம் செய்யாது, ஏனென்றால் குரல் கேட்டதும் அவர் தலையைத் திருப்புவார். தலை திரும்பிய பக்கம் ஸ்கீயும் போர்டும் போகும். அதாவது நேராக உங்கள்மேல். நான் இப்போது இணைப்புப் பாதைகளில் மட்டும்தான் குரல் கொடுக்கிறேன், அதுவும் வேகத்தைக் குறைத்த பிறகு. கத்தினால்தான் கடக்க முடியும் என்ற நிலை வந்தால், இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி வகுப்புக் குழந்தைகள் ஆசிரியருக்குப் பின்னால் பாம்பு போல வருவார்கள். அந்த வரிசையின் நடுவே புகுந்து கடக்காதீர்கள். ஒவ்வொரு குழந்தையும் முன்னால் உள்ள குழந்தையின் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு வருகிறது. மொத்த வரிசையையும் வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள், அல்லது நின்று விடுங்கள்.

கடந்ததும் உடனே குறுக்கே வெட்டாதீர்கள், உடனே நிற்கவும் செய்யாதீர்கள். மேலே இருந்தவர் நீங்கள். இப்போது கீழே இருப்பவர் ஆகிவிட்டீர்கள், பின்னால் உள்ளவருக்கு அதைப் புரிந்துகொள்ள நேரம் வேண்டும்.

7. நிற்பதும் மறுபடி கிளம்புவதும்

மேலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில், ஓரத்தில் நில்லுங்கள். மேட்டுக்குக் கீழே 20 மீட்டரில் உட்கார்ந்திருப்பவரை, 40 கிலோமீட்டர் வேகத்தில் மேட்டைத் தாண்டி வருபவர் பார்ப்பதற்கும் இடிப்பதற்கும் நடுவே இரண்டு வினாடிகூட இல்லை. களைப்பாக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் இறங்கி, மேட்டின் மறைவைத் தாண்டி உட்காருங்கள்.

நண்பர்கள் நிற்கும் இடத்துக்கு வந்து சேரும்போது அவர்களுக்குக் கீழே போய் நில்லுங்கள், மேலே அல்ல. நிறுத்தம் சறுக்கிப் போனால் மேலிருந்து வருபவர் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போவார். கீழே போய் நின்றால் தவறினாலும் தனியாகத்தான் போவீர்கள். பனியைத் தூற்றி நண்பர்கள் மேல் அடித்து நிற்கும் விளையாட்டை நன்றாக நிற்கத் தெரிந்தவர்களும் விட்டுவிடுவது நல்லது.

போர்டுக்காரர்கள் ஓய்வெடுக்கும்போது பள்ளத்தைப் பார்த்து உட்காருவதுதான் வழக்கம். அப்படி உட்கார்ந்தால் வருகிறவர் யாரும் தெரிய மாட்டார்கள். மேட்டைப் பார்த்து முட்டி போட்டு நில்லுங்கள். வருபவர் கண்ணுக்குத் தெரிவார், எழுவதும் எளிது. முதலில் கால்விரல் விளிம்பில் எழ வராது. பழகுங்கள், அந்தப் பயிற்சிக்கு அரை மணி நேரம் செலவிடலாம்.

கிளம்பும்போது மேலே பார்த்து, கடக்க வருபவர் போகட்டும் என்று விட்டு, பிறகு நகருங்கள். இரண்டு சரிவுகள் கூடும் இடத்திலும் இதே கதை. அங்கே வேகத்தைக் குறைப்பதற்குத்தான் பலகை வைத்திருக்கிறார்கள். நீங்கள் வரும் சரிவு அகலமானது என்பதால் அது முதன்மைச் சாலை ஆகிவிடாது.

8. தட்டையான பாதை

ஸ்கீக்காரர்களுக்குப் புரியாத இடம் இது. ஸ்கீயில் வேகம் இறந்தால் கோலால் தள்ளலாம், ஸ்கேட்டிங் போலக் காலை மாற்றி மாற்றி உதைக்கலாம். போர்டில் இரண்டு காலும் கட்டுண்டு கிடக்கும், கையில் கோல் இல்லை. வேகம் போனால் பின்காலைக் கழற்றி உதைக்க வேண்டும், அல்லது நடக்க வேண்டும். அதனால்தான் தட்டைப் பாதை வரும் முன்பே அவர்கள் வேகம் பிடிக்கிறார்கள். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்கீக்காரர்கள் செய்ய வேண்டியது எளிது. தட்டைப் பாதைக்கு இறங்கும் சரிவில் நிற்காதீர்கள், நண்பர்களோடு பக்கத்தில் பக்கத்தில் பரவிப் போகாதீர்கள், ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் பலகையின் சத்தம் கேட்டால் நேராகவே போங்கள். ஒதுங்குகிறேன் என்று கடைசி நொடியில் நகர்வதுதான் குழப்பம்.

போர்டுக்காரர்களுக்கும் ஒன்று உண்டு. தட்டைப் பாதைகளில்தான் புதியவர்களும் குழந்தைகளும் அதிகம், பல இடங்களில் அது மெதுவாகப் போகும் பகுதி என்று பலகையே இருக்கும். கூட்டமாக இருந்தால் வேகத்தை விட்டுக்கொடுத்து நடக்கத்தான் வேண்டும். நடக்கும்போது ஓரமாக நடங்கள். அந்தப் பாதை பிடிக்கவில்லை என்றால் வரைபடத்தில் வேறு வழி தேடுங்கள்; ஒன்றாம் பகுதியில் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

கூட வரும் ஸ்கீக்காரர் கோலை நீட்டி இழுத்துப் போவது நல்ல பழக்கம். கோலின் பட்டைக்குள் யாரும் கையை நுழைக்காமல் பிடித்தால் போதும். காலியான தட்டையில் மட்டும் செய்யுங்கள். சரிவு தொடங்கியதும் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் போர்டு முந்திவந்து இழுத்தவரின் காலைத் தட்டிவிடும்.

9. கலந்த குழுவாகப் போனால்

உச்சியில் போர்டுக்காரர் கட்டும்வரை ஸ்கீக்காரர் காத்திருக்க வேண்டும். தட்டையிலும் காத்திருக்க வேண்டும். புடைப்புகள் நிறைந்த சரிவிலும் நீண்ட குறுக்குப் பாதையிலும் போர்டுக்காரர் திணறுவார். இதையெல்லாம் காலையிலேயே பேசிக்கொண்டால் மாலையில் முகம் தூக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன் அடுத்து எங்கே கூடுவது என்பதைச் சொல்லிவிடுங்கள். 'கீழே பார்க்கலாம்' என்றால் ஒருவர் ஒரு லிஃப்டடியிலும் இன்னொருவர் வேறு லிஃப்டடியிலும் நிற்பார்கள்.

பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே இறங்க ஆசைப்பட்டால், போர்டுக்காரரின் நெஞ்சுப் பக்கம் ஸ்கீக்காரர் இருக்கட்டும். பேசவும் வசதி.

செங்குத்தான குறுகிய சரிவுக்குப் புதியவரை அழைத்துப் போகாதீர்கள். போர்டில் குதிகாலால் வழித்துக்கொண்டே இறங்கினால் மேல் பனி போய் அடியில் இருக்கும் பனிக்கட்டி வெளியே வரும். அதைச் சொல்லித்தான் ஸ்கீக்காரர்கள் குறைபடுவார்கள். ஆப்பு போல வைத்து முழு நீளமும் இறங்கும் ஸ்கீயும் அதையேதான் செய்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

10. டெர்ரெய்ன் பார்க்

தாவல் மேடுகளும் தண்டவாளங்களும் உள்ள பகுதிக்குள் நுழைந்தால் வரிசை உண்டு. உங்கள் முறை வந்ததும் கையைத் தூக்கியோ குரல் கொடுத்தோ கிளம்புங்கள். முன்னால் போனவர் தரையிறங்கி விலகியதைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

தரையிறங்கும் இடம் மேலிருந்து தெரியாது. அங்கே நிற்பது, படம் எடுப்பது, குறுக்கே கடப்பது எதுவும் கூடாது. பார்க்கத்தான் வந்தேன் என்றால் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

11. மோதல் நடந்துவிட்டால்

முதலில் அடுத்த மோதலைத் தடுங்கள். அடிபட்டவருக்குச் சில மீட்டர் மேலே இரண்டு ஸ்கீயைப் பெருக்கல் குறி போலக் குறுக்காகக் குத்தி வையுங்கள், அல்லது போர்டை நிமிர்த்தி நடுங்கள். மேடு மறைத்தால் ஒருவரை மேட்டுக்கு மேலேயே நிறுத்துங்கள். பதற்றத்தில் எல்லோரும் அடிபட்டவரைச் சுற்றிக் கூடுவார்கள், மேலே யாரும் இருக்க மாட்டார்கள். இந்த ஒன்றை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

பிறகு மீட்புக் குழுவை அழையுங்கள். சரிவின் பெயர், அருகில் உள்ள குறிக்கம்பத்தின் எண், அடிபட்டவர் பேசுகிறாரா, எங்கே வலி என்கிறார் என்ற வரிசையில் சொல்லுங்கள். எண் கைவசம் இல்லையென்றால் லிஃப்ட் ஊழியரிடம் ஒருவரை அனுப்புங்கள். ஐரோப்பிய நாடுகளில் 112 வேலை செய்யும்.

அடிபட்டவரை நகர்த்தாதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி இருந்தால் இழுப்பதே பெரிய கேடு. மேலே ஒரு சட்டை போர்த்துங்கள். பனியில் அசையாமல் கிடப்பவருக்கு உடல் சூடு வேகமாக இறங்கும்.

பெயரும் தொடர்பு எண்ணும் பரிமாறிக்கொள்ளாமல் யாரும் கிளம்பக்கூடாது. யார் மேல் தவறு என்பது வேறு விஷயம். சாட்சியாகப் பார்த்தவர்களும் விவரம் தர வேண்டும் என்பது எஃப்.ஐ.எஸ். பத்தாவது விதி. அமெரிக்காவின் கொலராடோவில், காயம் ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு பெயர் சொல்லாமல் போவது சட்டப்படியே குற்றம்.

எழுந்து நின்று 'எனக்கு ஒன்றுமில்லை' என்பவரையும் உடனே தனியாக அனுப்பாதீர்கள். தலையில் அடிபட்டவர் முதல் சில நிமிடம் நன்றாகத்தான் பேசுவார். ஓரத்தில் உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் கூட இருங்கள். தலைவலி, குமட்டல், சொன்னதையே திரும்பச் சொல்வது இவற்றில் ஏதாவது தெரிந்தால் அவரைச் சறுக்க விடாமல் மீட்புக் குழுவின் ஸ்லெட் எனும் சறுக்கு வண்டியில் கீழே அனுப்புங்கள்.